ராகு காலத்தில் அறுபது டிசைன்

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தொழிலில் மாப்பிள்ளை, பெண் பெயரைத் தவிர மற்ற எல்லாப் பெயருக்கும் சண்டை வரும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். சித்தப்பா பெயர் பெரியப்பா பெயருக்கு மேலே ஏறிவிட்டது என்று ஒரு குடும்பம் என் கடைக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு ஆட்டோவில் போனதைப் பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் அசராத என்னை இந்த வருஷம் பன்னிரண்டு வாரம் பாடாய்ப் படுத்தியது சொந்த வேலை. கடை வைத்துக்கொண்டே சொந்தமாக ஒரு காரியம் செய்ய நினைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படியுங்கள்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரருக்குத் தூரத்து மாமா கலியபெருமாள், சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். மண்டபத்தின் முன்னறை காலியானது. கல்யாணம் பேசி மண்டபம் பிடிக்க வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற அறை. எனக்குக் கொடுங்கள் என்று வைகாசி முதல் வாரத்தில் போய்க் கேட்டேன். சிவகாசியிலிருந்து கார்டு வாங்கிப் பெயர் மட்டும் அடித்துக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றார் மாமா. நீயே போட்ட டிசைன் அறுபது வேண்டும், எல்லா ஜனமும் வருகிற மண்டபம், அதனால் சர்ச் கல்யாணத்துக்கும் நிக்காவுக்கும் சேர்த்து வேண்டும், ஆல்பமாகப் போட்டு ஆவணி முதல் வெள்ளிக்குக் கொண்டு வா, இல்லாவிட்டால் பியூட்டி பார்லர் வைக்கக் கேட்கிறார்கள், கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

எனக்கு அந்த அறை வேண்டும். பதினோரு வருஷமாக யாரோ வரைந்த மயிலுக்கும் யாரோ வரைந்த மாவிலைக்கும் நடுவில் பெயர் அடித்து அலுத்துவிட்டது.

பன்னிரண்டு வாரம், அறுபது டிசைன், வாரத்துக்கு ஐந்து. கணக்கு சுலபமாகத்தான் இருந்தது.

பாதி ஷட்டர்

அந்தச் சமயத்தில் கடலூரில் ஓர் ஓட்டலில் வியாபாரிகளுக்கு அரை நாள் வகுப்பு நடந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, பெரிய இலக்கைச் சின்னச் சின்ன நேரமாக வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். இருபத்தைந்து நிமிடம் அலாரம் வையுங்கள், போனை அணையுங்கள், கதவைச் சாத்துங்கள், ஒரே ஒரு வேலையைச் செய்யுங்கள், ஐந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடியும் உட்காருங்கள். எனக்கு மிகவும் பிடித்துப்போனது. என் கடைக்குக் கதவு கிடையாது, ஷட்டர்தான். மறுநாள் காலை அதைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

நம் ஊர்க் கடைத்தெருவில் பாதி ஷட்டருக்கு என்ன அர்த்தம் என்பதை அவர் சொல்லித் தரவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்துப் பூக்கடை அஞ்சலை அக்கா குனிந்து உள்ளே வந்தார். கையில் ஒரு மாலை. மாமனாருக்கா, அப்பாவுக்கா என்று மெதுவாகக் கேட்டார். எதிரே பாத்திரக் கடைக்காரர் மரியாதைக்காக அவர் ஷட்டரையும் பாதி இறக்கிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை அக்கா, வேலை செய்கிறேன் என்றேன். அவர் என்னையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேல செய்யறதுக்கு எதுக்கும்மா கடைய மூடற?"

பெஞ்சில் உட்கார்ந்தவர்

சரி, ஷட்டர் வேண்டாம் என்று முடிவு செய்து, கடைக்குப் பின்னால் மிஷின் ஓடுகிற அறையில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டேன். வருகிறவர்களை முன்னால் பெஞ்சில் உட்கார வைக்கும்படி தாஸ் அண்ணனிடம் சொன்னேன். தாஸ் அண்ணன் எங்கள் பிரிண்டிங் மிஷின் ஓட்டுகிறவர், ஆறு வருஷமாக இருக்கிறார், கடைக்கு என்னைவிடப் பொறுப்பானவர்.

முதல் நாளே குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க வந்தார். பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி, இரண்டு நிமிட வேலை. ஆனால் என் அலாரம் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. மேடம் முக்கியமான வேலையாக இருக்கிறார் என்று தாஸ் அண்ணன் அவரை உட்கார வைத்தார். நானும் மனசை இறுக்கிக்கொண்டு ஒரு தாமரையை வரைந்து முடித்தேன். அலாரம் அடித்ததும் வெற்றியோடு வெளியே வந்தேன். அவர் கோபப்படவில்லை, சந்தோஷமாகவே இருந்தார். புரூஃப் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தார்.

"நல்லதாப் போச்சும்மா, சும்மா உக்காந்து யோசிச்சதுல இன்னும் ஒம்பது பேரு ஞாபகம் வந்துச்சு, அவுங்களையும் சேத்துடு."

தாஸ் அண்ணனின் காலண்டர்

இரண்டு வாரத்தில் பத்து முடிந்திருக்க வேண்டும். முடிந்தது ஒன்று, அந்தத் தாமரை. அதிலும் ஓர் இதழ் குறைகிறது என்று பிறகு தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொழில் நன்றாக நடக்கிறது என்பதற்காக அழுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தாஸ் அண்ணன் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தார். கல்யாணப் பத்திரிகைக்கு யாராவது ராகு காலத்தில் வந்து ஆர்டர் கொடுத்து நான் பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். யோசித்தேன். பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட இல்லை. திங்கட்கிழமை ராகு காலம் நான் கடை திறப்பதற்கு முன்பே போய்விடும், ஞாயிறு விடுமுறை. மிச்சம் செவ்வாயிலிருந்து சனி வரை, சரியாக ஐந்து நாள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். இருபத்தைந்தும் ஐந்தும் முப்பது, அப்படி மூன்று தடவை. கோட்டுப் போட்டவர் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்ததை நம் பஞ்சாங்கம் நாள் தவறாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தாஸ் அண்ணன் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரிய வேண்டியிருந்தது.

"ஆறு வருஷமா நான் சாப்புடறதே ராகு காலத்துல தான் மேடம், அப்பதான் எவனும் கூப்புட மாட்டான்."

சுழி போட்டவர்

வீட்டில் இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் கையை வைத்தபடி நிமிர்ந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஆனாலும் மாமாவின் சொந்தம்தானே. கல்யாணப் பத்திரிகையை ராகு காலத்தில் ஆரம்பித்தாய் என்று தெரிந்தால் மாமா ஆல்பத்தைத் தொடவே மாட்டார் என்றார். அப்புறம் அவரே வழியும் சொன்னார். ராகு காலத்தில் ஆரம்பிக்கத்தான் கூடாது, முன்பே ஆரம்பித்ததைத் தொடர்ந்து செய்யலாம். அதனால் பத்து நிமிடம் முன்னால் புதுப் பக்கத்தைத் திறந்து உச்சியில் பிள்ளையார் சுழியாக ஓர் 'உ' போட்டு வைத்துவிட வேண்டும்.

நல்ல யோசனைதான். ஆனால் ராகு காலத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தில்தான் மொத்த ஜனமும் கடைக்குள் பாயும், அதற்குள் மஞ்சள் தடவிய தாளைக் கொடுத்துவிட வேண்டும் என்று. அந்த நெரிசலில் நான் கம்ப்யூட்டர் பக்கமே போக முடியாது. ஆகவே சுழி போடுகிற பொறுப்பு தாஸ் அண்ணனுக்குப் போனது. அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நான் உள்ளே போகும்போது வெள்ளைப் பக்கத்தின் உச்சியில் 'உ' காத்திருக்கும்.

"தெனமும் புள்ளையார் சுழி போடறேன் மேடம், எங்க பாதர் கடைப்பக்கம் வந்தா மட்டும் சொல்லிடாதீங்க."

காலியான கடைக்கு வந்த கூட்டம்

ஆனி முழுக்க அருமையாகப் போனது, முப்பதைத் தாண்டிவிட்டேன். ஆடி பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு ஓர் ஆசிரியை மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். எங்களுக்கு ராகு காலமெல்லாம் கிடையாது, இந்த நேரத்தில் உன் கடை காலியாக இருக்கிறது, அதனால் சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அடுத்த வெள்ளி பெஞ்சில் இடமில்லை.

அதைவிடக் கொடுமை பெண்ணாடத்திலிருந்து வந்த பெரியவர். கறுப்புச் சட்டை. மகன் கல்யாணமே ராகு காலத்தில்தான், பத்திரிகையையும் ராகு காலத்தில்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக விசாரித்து, என்னைக் கண்டுபிடித்து மிஷின் அறைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பின்னால் திரையின் உச்சியில் தாஸ் அண்ணன் போட்ட 'உ' நிற்கிறது, நான் அதை மறைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் ஒன்றரை மணி நேரமும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு கோடுகூடப் போடவில்லை.

"ராகு காலத்துல தைரியமா வேல செய்யறவங்கள நான் பாத்ததே இல்லம்மா, ஒன்னப் பாராட்டாம எப்படி எழுந்து போறது?"

சாலையில் ஒரு போன்

விட்டதைப் பிடிக்க எமகண்டத்தையும் சேர்த்துக்கொண்டேன். சர்ச்சுக்கும் நிக்காவுக்குமான பன்னிரண்டைக் கடைசியாக வைத்திருந்தேன், முட்டி மோதி அவற்றையும் முடித்தேன். தாஸ் அண்ணன் அறுபதையும் தடித்த தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் செருகி ஆல்பமாக்கிக் கையில் கொடுத்துவிட்டு, காவி வேட்டி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கப் போய்விட்டார்.

ஆவணி முதல் வெள்ளி. ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார் மாமா. புதுச்சத்திரம் தாண்டி ஒரு லாரி குறுக்கே நின்றுகொண்டதில் என் பஸ் சிதம்பரம் போய்ச் சேரும்போது பத்து முப்பத்தைந்து. ராகு காலம் பிறந்து ஐந்து நிமிடம். மாமா ஆல்பத்தைத் தொடவில்லை, பன்னிரண்டு அடிக்கட்டும்மா என்று ஆபீசில் ஃபேனைப் போட்டு உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். சும்மா உட்கார்ந்திருந்தவள், நாமே போட்டதை நாமே பார்ப்போம் என்று ஆசையாகத் திறந்தேன். அழகான சிலுவை, இரண்டு புறா. சிலுவைக்கு மேலே 'உ'. அடுத்ததில் பிறை நிலா, அதற்கு மேலேயும் 'உ'. பன்னிரண்டு பக்கத்திலும் பிள்ளையார் சுழி. மற்ற நாற்பத்தெட்டுக்கும் அது இருந்தாக வேண்டும் என்பதால் எடுக்கிற பழக்கமே எங்களுக்கு வரவில்லை. இவற்றில் நான் எடுப்பேன் என்று தாஸ் அண்ணன் இருந்திருக்கிறார், அவர் எடுத்திருப்பார் என்று நான் இருந்திருக்கிறேன். போன் போட்டேன். காரைக்கால் பக்கம் நடந்துகொண்டிருந்தார், பின்னால் ஜெபம் கேட்டது.

"ஆரம்பிக்கறதுக்குப் போடச் சொன்னீங்க, போட்டேன் மேடம், முடிச்சப்பறம் எடுக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலியே."

மேல வீதியில்

பென் டிரைவ் கையில் இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அது என்ன எழுத்து என்று கேட்பார்கள், மாமாவுக்கு மானம் போகும், அறை பார்லருக்குப் போகும். மேல வீதிக்கு ஓடினேன். கலர் பிரிண்ட் எடுக்கிற கடை ஒன்று கண்ணில் பட்டது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் திரும்பவே இல்லை. பக்கத்தில் ஓர் அலாரக் கடிகாரம். இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்குது, வெளிய பெஞ்சுல உக்காருங்க என்றார். கடலூர் ஓட்டலில் நடந்த வகுப்பா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். பன்னிரண்டு வாரமாக நான் பட்ட பாட்டை அவரிடம் சொல்லி, சபாஷ் என்று முதுகில் தட்டியிருக்க வேண்டும். ஆனால் என் வாயில் வந்தது அஞ்சலை அக்காதான்.

"வேல செய்யறதுக்கு எதுக்குங்க கடைய மூடறீங்க?"

பன்னிரண்டு அடித்த பிறகு

அவர் அசையவில்லை. அலாரம் அடித்த பிறகுதான் ஷட்டரைத் தூக்கினார். ஆனால் தூக்கிய பிறகு வேகமான மனிதர். நான் 'உ'வை ஒவ்வொன்றாக அழிக்க அழிக்க, அவர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். உறைகளில் தாளை மாற்றிவிட்டு மண்டபத்துக்கு வியர்க்க வியர்க்க வந்தபோது பதினொன்று ஐம்பத்தைந்து. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து எழுந்திருக்காதவள் போல அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டு தாண்டியதும் ஆல்பத்தை வாங்கி, நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் நிக்காவுக்கு மண்டபம் கேட்டிருக்கிறார்களாம், அவர்களுக்கு முதலில் காட்ட வேண்டுமாம். ஈரம் காயாத பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அப்புறம் முன்பக்கம் வந்து, என் தாமரையில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"மன்னிச்சுக்கம்மா, ராகு காலத்துனால ஒன்ற மணி நேரத்த ஒனக்கு வீணாக்கிட்டேன்."

இப்போது கடலூரில் ஒரு கடை, சிதம்பரத்தில் ஒரு கடை என்று எனக்கு இரண்டு கடை இருக்கிறது, ஆனால் ராகு காலம் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றுதான் வருகிறது.