லக்ஷ்மிபாய் நகர் அறுப்புப் பண்டிகையில் நாங்கள் விட்ட வாழைத்தார்

டெல்லியில் துவாரகாவிலிருந்து லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ச் சபையின் அறுப்புப் பண்டிகைக்கு எப்படிப் போவது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கிறார்கள். போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகன் ஜெபசிங்கும் போய்வந்ததை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் முப்பத்தொரு வருஷமாக இந்தப் பண்டிகைக்குப் போகிறேன், என் சொல்லை நம்பலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இது அறுவடைக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லும் கிறிஸ்தவப் பண்டிகை. காய், பழம், கோழி என்று அவரவர் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம். நாற்பது ரூபாய் பூசணிக்காய் நாலாயிரத்துக்குப் போகும், பணம் சபைக்கு. முதல் பொருள் எப்போதும் வாழைத்தார். போன வருஷம் அதை எடுத்த வீடுதான் இந்த வருஷம் முதல் விலை கேட்க வேண்டும். ஒன்பது வருஷமாக எடுத்தது எங்கள் வீடு. எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்?

இந்த முறைதான் சங்கடம். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்த மகனுக்கு வேலை போய் ஏழு மாதம். சபையில் ஒருவருக்கும் அவன் சொல்லவில்லை. வீட்டில் மிச்சமிருந்தது என் கையில் கிடந்த இரண்டு பவுன் வளையல். அது பேத்தியின் நர்சிங் இரண்டாம் வருஷக் கட்டணம். சனிக்கிழமை காலையில் மகன் வந்து நின்றான்.

"அம்மா, வளையலத் தாங்க. அடகு வச்சு தார எடுத்துருவோம். இல்லன்னா நாளைக்கு எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாவ."

"பாத்தா பாக்கட்டும். திருடிட்டா வந்த?"

"ஆண்டவருக்குத்தானம்மா குடுக்கோம். அவரு திருப்பித் தரமாட்டாரா?"

"அவரு என்ன சீட்டு நடத்துதாரா, போட்டு எடுக்கதுக்கு?"

நான் வளையலைக் கழற்றவில்லை.

ஞாயிறு காலை 8.50க்கு செக்டர் பத்து ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினோம். ஜனக்புரி மேற்கில் மாறி, ஹௌஸ் காஸில் இன்னொரு முறை மாறி, ஐ.என்.ஏ.யில் இறங்க வேண்டும். ஒரு மணி பத்து நிமிடம். ஞாயிறு என்பதால் ஆளுக்கு 43 ரூபாய். ஜனக்புரியில் மாறுவதற்கு நிறைய நடக்க வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் லிஃப்டைத் தேடிப் போங்கள். வழி முழுக்க மகன் போனையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வெளியே ஆட்டோக்காரர் "மாதாஜி, அஸ்ஸீ ருபயா" என்றார். ஒரு கிலோமீட்டருக்கு எண்பதா? "சாலீஸ், பையா. நீ பிறக்கறதுக்கு முந்தியே நான் டெல்லிக்கு வந்தாச்சு" என்று இந்தியில் சொன்னேன். சிரித்துக்கொண்டே நாற்பதுக்கு ஏற்றிக்கொண்டார்.

ஆராதனை முடிய 12.15. ஏலம் விடுகிற சாமுவேல் தாரைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். ஊரில் எங்கள் பக்கத்துக்காரர், குரல் கணீரென்று இருக்கும்.

"போன வருஷம் பன்னிரண்டாயிரம்! ஜெபசிங் வீடு, சத்தமாக் கேளுங்க!"

மகன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. நான் எழுந்தேன்.

"நூறு ரூபா."

ஹாலே சிரித்தது.

"அக்கா, கேலி பண்ணாதிய. விலையச் சொல்லுங்க."

"கேலி இல்ல தம்பி. மகனுக்கு ஏழு மாசமா வேலை இல்ல. எங்களால ஆவது இதுதான்."

சிரிப்பு நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், எனக்குத் தெரிந்தவர்தான், "கையில ரெண்டு பவுன் மினுக்குது, கேட்கிறது நூறா?" என்றார்.

நான் திரும்பினேன். "மினுக்கட்டும். இது எம் பேத்தி படிப்பு. ஒங்களுக்குக் காட்டதுக்காக இத வாழத்தாரா மாத்திட்டு, நாளைக்கு ஆண்டவர் கேக்கும்போது பழத்தோலையா காட்டுவேன்?"

யாரோ ஆறாயிரம் சொன்னார்கள், தார் போயிற்று. எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒன்பது வருஷமும் நான் கொடுத்தது ஆண்டவருக்கா, இந்த ஹாலுக்கா என்று அங்கேயே யோசித்தேன். பாதி ஹாலுக்குத்தான்.

ஒன்றரை மணிக்குச் சாப்பாடு, சோறும் ஆட்டுக்கறியும். பந்தியில் மகன் சீறினான்: "என்னக் கேக்காமச் சொல்லிட்டிய." அது நியாயம்தான். அப்போது பரிமாற வந்தவர் குனிந்து, "ஜெபசிங், நெசமாவா?" என்று கேட்டார்.

மகன் இலையை முன்னால் நகர்த்தினான். பிறகு, "ஆமாண்ணே. ஏழு மாசம்" என்றான். "கறி இன்னும் ரெண்டு போடுங்க."

ஏழு மாதத்தில் அவன் வாயாலே அதைச் சொன்னது அன்றுதான். அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

போகிறவர்கள் பத்தரைக்குள் போய்விடுங்கள், பிறகு நாற்காலி கிடைக்காது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் கேட்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். கொடுக்க இல்லாதவரை ஆண்டவர் வாசலில் நிறுத்தியதாக நான் எங்கும் படித்ததில்லை. மறுநாளே வளையலை விற்றுக் கட்டணம் கட்டிவிட்டோம். மகனுக்கு இதை எழுதும் இன்றுவரை வேலை கிடைக்கவில்லை. அதற்காக என் ஜெபத்தையும் நிறுத்தவில்லை, ஆண்டவரிடம் பேரமும் பேசவில்லை. வரும் நவம்பரில் முதல் விலை கேட்க எங்கள் வீட்டைக் கூப்பிட மாட்டார்கள். பரவாயில்லை. நான் முன்வரிசையில்தான் உட்காருவேன்.