அம்மன் அளவு கேட்ட நாள்

புல்வெட்டும் மெஷின் ஒன்று அம்மனைத் தேரோடு இழுத்துப் போனதை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தடவையிலேயே எங்கள் குடும்பத்துக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கலஹாவுக்கு மேலே, எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை அப்போது ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அதன் புல்வெளிக்கென்று, ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற மெஷின் ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. சிவப்பு நிறம், நாலு சக்கரம், விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு ஸ்டியரிங். அதை ஓட்டும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று டிரைவர் ஆகிவிட்டார். லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் பொறாமைப்பட்டார்கள், மீதிப் பேர் புல்லுக்கு ஒரு டிரைவரா என்று சிரித்தார்கள். இரண்டுமே அப்பாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருஷத் திருவிழாவில் வந்தது வினை. எங்கள் தேர் சின்னது. எப்போதும் ஆட்களே வடம் பிடித்து இழுப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் வைத்து இழுத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் கோயில் தலைவருக்குத் தூக்கம் போய்விட்டது. நம்மிடமும் ஒரு டிரைவர் இருக்கிறாரே என்று அப்பாவின் தோளைத் தட்டினார். டிரைவர் என்று கூப்பிட்டுவிட்டால் அப்பாவுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ஹோட்டல் மெனேஜர் மாத்தயா பௌர்ணமிப் போயா லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தார், மறுநாள் காலையில்தான் வருவார். அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். மெஷினுக்கு ஏதாவது ஆனால் இந்த வேலையும் போய்விடும், பழைய வேலையும் கிடைக்காது, பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது என்று கேட்டாள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெஷின் பங்களா கேட்டைத் தாண்டி வெளியே வந்ததைப் பார்த்து எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. மாலை, வேப்பிலை, வாழைக்கன்று எல்லாம் கட்டி, பின்னால் கயிறு போட்டுத் தேரைப் பிணைத்திருந்தார்கள். தப்பு மேளம் முழங்க, அப்பா நேராக முன்னால் பார்த்தபடி ஓட்டினார். பெற்ற பிள்ளை பக்கத்தில் ஓடிவருவதுகூட அவர் கண்ணில் படவில்லை.

லயத்தைத் தாண்டி இறங்குகிற வளைவில் இடப்பக்கச் சக்கரம் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்துக் கல்லில் ஏறி விழுந்தது. டக்கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அப்பா ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பத் திருப்ப, மெஷின் பாட்டுக்குக் கானை நோக்கியே போனது. பின்னால் அம்மன் ஒருபக்கமாகச் சாய்ந்தாள். பெண்கள் போட்ட கூச்சலில் தப்பு நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாம் பாய்ந்து தேரைப் பிடித்துக்கொண்டார்கள். மெஷினை விட்டு இறங்கிய அப்பா தலையில் கைவைத்துக் கான் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன் நான் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை. அம்மன் சாய்ந்ததைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

தேரைக் கையாலேயே இழுத்துக் கோயிலில் சேர்த்தார்கள். அம்மன் தப்பித்துக்கொண்டாள், அப்பாதான் மாட்டிக்கொண்டார். மெஷினையும் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். முன்சக்கரங்களில் ஒன்று கலஹாவையும் மற்றது பேராதெனியாவையும் பார்த்துக்கொண்டு நின்றன.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தார். என் தாய்மாமாவை மேலே ஏற்றி, ஸ்டியரிங்கை மெதுவாக இங்கும் அங்கும் திருப்பச் சொன்னார். ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள பல்சக்கரம் போய்விட்டதோ என்பதுதான் அவருக்கு முதல் பயம். அது போயிருந்தால் கொழும்பில்தான் வாங்க வேண்டும். பல் ஒன்றும் உடையவில்லை, ஸ்டியரிங்கோடு சேர்ந்து ஒழுங்காகவே சுற்றியது. அதிலிருந்து போன கம்பி வலச்சக்கரத்தையும் சரியாகத்தான் திருப்பியது. இடச்சக்கரம் மட்டும் சொன்னபேச்சுக் கேட்கவில்லை. இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிற குறுக்குக் கம்பி நடுவில் முறிந்து தொங்கியது.

"கம்பி மட்டுந்தான் போயிருக்கு. நல்ல கம்பி ஒண்ணு கெடச்சாப் போதும்," என்றார் அப்பா.

கிடைக்க வேண்டுமே. போயா என்று கலஹா இரும்புக்கடை பூட்டிக் கிடந்தது, தோட்டத்து ஸ்டோருக்கும் பூட்டு. மாமா எங்கிருந்தோ ஒரு ஜன்னல் கம்பியைக் கொண்டுவந்தார். அதை மாட்டி ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முறுக்கு மாதிரி வளைந்துவிட்டது. பொழுது சாயத் தொடங்கியது. அம்மா ஓரமாக உட்கார்ந்து அழுதாள். கோயில் தலைவரை அந்தப் பக்கமே காணவில்லை.

அப்போதுதான் அத்தைக்குச் சாமி வந்தது.

அத்தை அப்பாவின் மூத்த அக்கா. தாய் தகப்பன் போனபிறகு கொழுந்து பறித்து அப்பாவை வளர்த்தவள். வருஷா வருஷம் அம்மன் அவள் மேல்தான் இறங்குவாள். அன்றைக்கும் காலையில் இறங்கி, குறி சொல்லி, மலையேறியாகிவிட்டது. தப்புச் சத்தம்கூட இல்லாமல் அதே நாளில் இன்னொரு தடவை அம்மன் வந்ததே எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. தலைமுடி அவிழ்ந்து விழ, உறுமிக்கொண்டு எழுந்தவள், மரத்தடியில் நட்டிருந்த சூலத்தை ஒரே இழுவையில் பிடுங்கினாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள். சூலத்தை ஓங்கியபடி அவள் நேரே அப்பாவிடம் வந்தாள். குத்தப்போகிறாள் என்றே நினைத்தேன்.

அப்பா கும்பிட்டபடி அவள் காலடியில் விழுந்தார்.

"எத்தன அங்குலம்டா வேணும்?" என்று கேட்டாள் அம்மன்.

அப்பாவுக்கு நாக்குக் குழறியது. "இருபத்திமூணு, தாயே. வளைக்கிறதுக்கு இன்னும் ரெண்டு."

"அடிப்பக்கமா வெட்டு. துருப்புடிச்சத விட்டுட்டு வெட்டு. மேல கை வச்சே, கொடல உருவிருவேன்!"

சூலத்தை அப்பாவின் மேல் போட்டுவிட்டு அத்தை அப்படியே சரிந்தாள். அம்மா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள்.

அம்மனே உத்தரவு கொடுத்தபிறகு யார் மறுப்பது? பூசாரியே ஓடிப்போய் இரும்பு அறுக்கும் வாளைத் தேடிக்கொண்டு வந்தார். சூலத்தை அறுக்கிற சத்தம் பல்லைக் கூச வைத்தது, நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொங்கல் வைத்த அடுப்பில் கம்பியின் இரண்டு நுனிகளையும் பழுக்கக் காய்ச்சி, கல்லில் வைத்துத் தட்டி வளைத்து, சக்கரப் பக்கத்துத் துளைகளில் மாட்டினார் அப்பா. கழன்று விழாமலிருக்க அம்மாவின் கொண்டையூசிகளைச் செருகினார். பிறகு ஏறி உட்கார்ந்து திருப்பிப் பார்த்தார். இரண்டு சக்கரங்களும் ஒன்றாகத் திரும்பின. அப்பா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார்.

மறுநாள் மாத்தயா வந்தபோது மெஷின் புல்வெளியில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் பட்டது அதன் நெற்றியில் இருந்த குங்குமம் மட்டும்தான், அதையும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் வேலை தப்பியது. அம்மனுக்கு அங்குலக் கணக்கும் தெரியும், துருப்பிடித்த கம்பி ஆகாது என்பதும் தெரியும் என்று நான் வெகுநாள் வியந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் வழக்கம்போல் தப்புக்காரர்கள் அத்தையின் முன்னால் வந்து நின்று அடித்தார்கள். அடித்தவர்களுக்கு வேர்த்துக் கொட்டியது. அத்தை கற்பூரத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்தபடி நின்றாள். தட்டு மட்டும் கடகடவென்று ஆடியது, அவள் ஆடவில்லை. கடைசியில் அம்மன் வேறொரு பெண்மேல் இறங்கினாள். அதற்குப் பிறகு எந்தத் திருவிழாவிலும் அத்தை ஆடவேயில்லை. சூலத்தை வெட்டக் கொடுத்தவளை அம்மன் கைவிட்டுவிட்டாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

"ஏன் அத்த, ஒங்களுக்கு இப்ப வாறதில்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்த வரைக்கும் போதும்டி," என்று சொல்லிவிட்டு, கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அம்மன்மேல் தாங்க முடியாத கோபம். தானே கொடுத்துவிட்டுத் தானே கோபித்துக்கொண்டால் அதில் என்ன நியாயம்? பல வருஷம் அவள் முகத்தைப் பார்க்காமலேயே திருநீறு பூசிக்கொண்டு வந்தேன். அன்று அம்மன் வரவேயில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. தம்பிக்காக ஒரே ஒரு தடவை பொய்யாக ஆடிவிட்டவள், அதன்பிறகு அம்மன் நிஜமாகவே வந்து நின்றபோதெல்லாம், இனித் தனக்கு அந்த அருகதை இல்லையென்று பல்லைக் கடித்துக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்பினாள் என்பதும் தெரியாது.