நிற்காமல் ஆடிய கோடு

ஆபீஸில் அவளுக்குப் 'பைக் புயல்' என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டாள். பதினாறு வருஷமாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. காலையில் வந்ததும் சூரியப் புள்ளிகளை எண்ணி, பூமியின் காந்தம் எவ்வளவு ஆடியது என்று பார்த்து, பன்னிரண்டு மணிக்குள் அடுத்த மூன்று நாளுக்கான அறிக்கையை அனுப்ப வேண்டும். காந்தத்தை அளக்கும் கருவி தோட்டத்துக் கோடியில் ஒரு மரக் குடிசையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் இரும்பு போகவே கூடாது. சாவிக்கொத்து, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் எலக்ட்ரீஷியன் ஒருவன் குடிசை ஓரமாகப் பைக்கை நிறுத்திவிட்டான். அவள் அறைத் திரையில் அந்தக் கருவி வரையும் கோடு துள்ளியது. இவள் எழுந்து போய்ப் பார்க்காமல், டிரான்ஸ்பார்மர்களைக் கருக்கும் காந்தப் புயல் வந்துவிட்டதென்று மின்சாரக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். அங்கே போனை எடுத்தவன் இவள் புருஷன். பெண்டாட்டி சொல்லை நம்பிப் பாதி ஊரின் கரண்டை நிறுத்தினான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று அவனுக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தாலாவது தேவலை.

அன்று செவ்வாய்க்கிழமை. சூரியனிலிருந்து கிளம்பிய பெரிய மேகம் ஒன்று மதியத்துக்குள் பூமியை முட்டும் என்று முதல் நாள் அவளே எழுதியிருந்தாள். முக்கால் மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டிய செயற்கைக்கோளோ காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. பதினொன்றே காலுக்குக் கோடு துள்ளியது.

இந்தத் தடவை ஓடிப்போய்ப் பார்த்தாள். குடிசையை ஒட்டி ஆபீஸ் டைரக்டரின் புதுக் கார்! வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார் மகராசன். போனில் கேட்டதற்கு, இப்போதுதான் நிறுத்தினேன், இதையும் புயலாக்கிவிடாதே அம்மா என்று சிரித்தார்.

அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கார் வந்து நின்றால் கோடு ஒரே தாவாகத் தாவி, புது இடத்தில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நின்ற கார் எப்படி இப்படி ஆட்டும்? காரும் புயலும் ஒரே நேரத்தில் வந்து தொலைத்திருக்கின்றன. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மர்கள் கருகி ஊர் வாரக்கணக்கில் இருட்டில் கிடக்கும். போனை எடுத்தாள்.

"புயல் வந்துருச்சு. லோடைக் குறைங்க."

"குடிசைப் பக்கம் போய்ப் பாத்தியா?" என்றான் புருஷன்.

"பாத்தேன். கார் நிக்குது." அவனிடம் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. "ஆனா இது கார் இல்லீங்க. கோடு நிக்காம ஆடுது."

மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. மேலே கேட்டு முடிப்பதற்குள் எல்லாம் கை மீறிவிடும். அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஒரு தடவை நம்பிச் சூடு பட்டவன். கோடு இன்னும் பெரிதாக ஆடியது.

மூன்றாவது நிமிஷம் ஃபேன் நின்றது, விளக்கு போனது. பேட்டரியில் ஓடும் அவள் திரை மட்டும் மிஞ்சியது. ஐயோ, டிரான்ஸ்பார்மர் போய்விட்டதா என்று அவள் ஜன்னலுக்கு ஓடியபோது போன் அடித்தது.

"உங்க ஏரியாவைத்தான் முதல்ல நிறுத்தினேன். மத்ததையும் வரிசையா நிறுத்திட்டிருக்கேன்" என்றான்.

"மேல கேட்டீங்களா?"

"இல்ல. கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாங்க."