வீதிப்பக்கம் நடந்த சம்பந்தி

குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் வதனி வந்து அடுப்பை நிற்பாட்டினாள். உலை கொதிக்கேல்லை, ஏன் பிள்ளை நிற்பாட்டுகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். “அம்மா, மாமா போயிட்டார்” என்றாள். காலையில் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லையாம். வதனியின் மாமனார், என்னுடைய சம்பந்தி, டங்கன். ஆய்ந்த கீரையை அப்படியே விட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். அது அன்று முழுக்க அங்கேயே கிடந்து வாடிப்போனது.

வென்ட்வேர்த்வில் மூத்தோர் சங்கத்துக்கு வந்து இந்தச் சங்க மலரை வாசிக்கிற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பெயர் தெரியாதவர்களுக்கும் உடுப்புத் தெரியும். பச்சையும் நீலமும் கட்டம் போட்ட கம்பளிக் கில்ட், பாவாடை மாதிரி முழங்கால் வரை. அதற்குக் கீழே காலை மூடின நீள மேஸ். ஸ்கொட்லாந்தில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு சிட்னிக்கு வந்து, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் பொங்கலுக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தார். நீங்கள் அவருக்குப் பின்னால் ‘பாவாடைச் சாமி’ என்று பெயர் வைத்தீர்கள். எனக்குத் தெரியாதென்று நினைக்க வேண்டாம். முதலில் சொன்ன வாய் எதுவென்றும் தெரியும். உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டுச் சிரித்தவர்களும் இருக்கிறீர்கள். “நீங்கள் வேட்டிக்குள்ளே போட்டிருக்கிறதுதான்” என்றார் அவர். பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

வதனியின் கலியாணம் லிட்கமில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சம்பந்திக்கு மரியாதை செய்ய வேட்டி சால்வை வாங்கித் தட்டில் வைத்திருந்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என் பெரியம்மாவின் மகன் சிவலிங்கம். சபையில் தட்டை நீட்டியபோது பார்த்தால் வேட்டி இல்லை. ஒரு சிவப்புச் சேலை கிடக்கிறது. “பாவாடை கட்டினவருக்குச் சேலைதானே பொருத்தம்” என்று அவர் சொல்ல, ஆம்பிளைகள் எல்லாம் கதிரையில் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

டங்கன் சிரிக்கிறவர்களை ஒருக்காப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கி, நீளப்பாட்டுக்கு மடித்து, இடது தோளில் போட்டு, கில்ட்டில் குத்தியிருந்த பெரிய வெள்ளிப் பின்னைக் கழற்றித் தோளில் குத்திக்கொண்டார். “எங்கள் ஆட்களும் கலியாணத்துக்கு இப்படித்தான் தோளில் துணி போடுவோம். தெரிந்து தந்திருக்கிறீர்கள், நன்றி” என்று சிவலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதோடுதான் எல்லாப் படத்துக்கும் நின்றார். விளங்காமல் செய்தாரோ என்று எனக்குக் கனகாலம் சந்தேகம். ஒருநாள் வதனியைக் கொண்டு கேட்பித்தேன். “விளங்கினது, சம்பந்தி. ஆனால் நல்ல பட்டு” என்றார்.

சிவலிங்கத்தோடு நான் அன்று விட்ட பேச்சுவார்த்தை இன்றுவரை விட்டதுதான். இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

டங்கன் எனக்குச் செய்தது ஒன்று உண்டு. அதை உங்களுக்குச் சொல்லத்தான், அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் பேனை பிடித்திருக்கிறேன்.

ஒருநாள் நான் சேலை கட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் மரக்கறிக் கடைக்குப் போனேன். ஒரு கார் மெதுவாக வந்தது. உள்ளேயிருந்த பொடியள் ஏதோ கத்திவிட்டு, குடித்த மிச்சக் கோப்பியைக் கப்போடு என்மேல் எறிந்துவிட்டுப் போனார்கள். சேலை முழுக்கக் கறை. வழியில் நின்ற ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் வெளியில் போகவில்லை. வதனி நீளக் காற்சட்டை வாங்கி வந்து, “இதைப் போடுங்கோ அம்மா, ஒருத்தரும் பார்க்கமாட்டினம்” என்றாள். போடவும் மனமில்லை, போகவும் மனமில்லை. யன்னலால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

டங்கன் வந்தார். முழு உடுப்போடு, கில்ட்டும் மேசும் பளபளத்த சப்பாத்துமாக. “சேலையைக் கட்டுங்கோ சம்பந்தி, கடைக்குப் போவம்” என்று வதனி சொல்லிக்கொடுத்த தமிழில் சொன்னார். நடைபாதையில் என்னை மதில் பக்கம் விட்டுவிட்டு அவர் வீதிப்பக்கம் நடந்தார். கார்கள் ஹோர்ன் அடித்தன. ஒருவன் விசில் அடித்தான். ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கி, “குட் மோர்னிங்” சொல்லிக்கொண்டு வந்தார். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அன்று என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் அவரை.

“உங்களுக்கு வெட்கமில்லையா?” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன்.

“கண் அவர்களுடையது, சம்பந்தி. கால் எங்களுடையது” என்றார்.

அதன்பின் செவ்வாய் தவறாமல் வருவார். நடந்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிப்போம். கில்ட்டின் மடிப்புகளை அழுத்துவதென்றால், முதலில் ஒவ்வொரு மடிப்பையும் நீளத் தையலாக நூலோடி நிறுத்தி, பிறகு ஈரத்துணி போட்டு அழுத்த வேண்டும். அவர் மனைவி செய்த வேலை அது. அந்த மனுசி போனபிறகு நான் செய்துகொடுத்தேன். “உங்களுக்குக் கொய்யக மடிப்பு பின்னுக்கு, எங்களுக்கு முன்னுக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்” என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

செத்தவீட்டில்தான் பிரச்சினை வந்தது. மருமகன் அன்ட்ரூ தகப்பனுக்குக் கோட்டும் சூட்டும் எடுத்து வைத்திருந்தார். கில்ட் அலுமாரிக்குள் தொங்குகிறது.

“ஏன் தம்பி?” என்றேன்.

“பள்ளிக்கூடத்துக்கு அப்பா அதோடு வந்த நாளில் இருந்து சனம் சிரிக்கிறதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தனான், அம்மா. கடைசி நாளிலாவது ஒருத்தரும் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்” என்றார். கண் சிவந்திருந்தது. பிழையாக நினைத்துச் செய்யவில்லை, பாவம்.

அந்தச் செவ்வாய்களின் கதையை அவருக்குச் சொன்னேன். கோப்பிக் கறையையும் விசிலையும் சொன்னேன். என் இங்கிலீசு தடுக்கிய இடத்தில் வதனி சொன்னாள். அன்ட்ரூ வேலைக்குப் போகிற பிள்ளை, செவ்வாய்களில் தகப்பன் ஏன் வந்துபோனார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. “அந்த உடுப்பு இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் யன்னலடியில்தான் இருப்பேன். அதைக் கழற்றி வைத்துவிட்டு அனுப்பினால் அவர் பயந்து போனமாதிரி இருக்கும், தம்பி” என்றேன். அன்ட்ரூ எழும்பிப் போய், அலுமாரியைத் திறந்து, கில்ட்டை என் மடியில் கொண்டுவந்து வைத்தார்.

நூலோடினேன். அழுத்தினேன். ஓடிய நூலை ஒவ்வொன்றாக இழுத்து எடுக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை. அந்தச் சிவப்புச் சேலையை அவர் கில்ட்டோடேயே மடித்து வைத்திருந்தார். அதைத் தகப்பனின் இடது தோளில் போட்டு, அன்ட்ரூ தன் கையால் வெள்ளிப் பின்னைக் குத்தினார். பார்க்க வந்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிவலிங்கமும் வந்து, சேலையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் முகம் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் வாசல் மணி அடிக்காதது இன்னும் பழகவில்லை. வெள்ளிப் பின்னும் சேலையும் அவரோடு போய்விட்டன. என்னிடம் அவருடைய பொருள் ஒன்றுமில்லை.

போன கிழமை எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு பிள்ளை, பொட்டும் சேலையுமாகக் கடைக்குப் போகப் பயந்து வாசலில் நின்றது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

“நீர் மதில் பக்கம் வாரும் பிள்ளை. நான் இந்தப் பக்கம் நடக்கிறன்.”