மக்கள்தொகை: இல்லை

இது நடந்தது. நம்பாதவர்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துத் தூங்கலாம், எனக்கு ஒன்றும் நட்டமில்லை. ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை, பட்டப்பகல் மூன்று மணி. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எந்த முட்டாள் சொன்னானோ!

நான் பாஸ்கர். ஓமானில், சோஹாரில் ஒரு சர்வே கம்பெனியில் வேலை. இங்கே வறண்ட ஆற்றை வாடி என்பார்கள். மலையில் மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் ஆளை முழுங்கும் வெள்ளம் வரும். அப்படிப்பட்ட வாடிகளைப் பற்றி அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. நிலவியல்: மலை, கூழாங்கல். வரலாறு: ஒரு காலத்தில் செம்பு உருக்கினார்கள். பொருளாதாரம்: பேரீச்சை, எலுமிச்சை, ஆடு. கடைசியில் மக்கள்தொகை. அந்தப் பட்டியலில் பேரும் போன் நம்பரும் இருந்தால்தான் வெள்ள எச்சரிக்கை வரும்.

போன நவம்பரில், இது நடந்த வாடியைப் பற்றி எழுதிய மகா யோக்கியன் நான்தான். வார லீவுக்குத் துபாய் போகும் அவசரம். மேட்டில் வண்டியை நிறுத்தி, கீழே இறங்காமலே 'மக்கள்தொகை: இல்லை' என்று எழுதினேன். மேனேஜர் பத்மநாபன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படிக்கிற கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஆகஸ்டில் அவரே மறுபடி அனுப்பினார். "பழசையே காப்பி பண்ணிடுப்பா. போட்டோ மட்டும் நாலு புதுசா எடுத்துட்டு வா."

மூன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நாற்பத்தாறு டிகிரி வெயில். டிரைவர் ஜாபர் சாதிக் மேட்டிலேயே இருந்துகொண்டார். நான் போட்டோவுக்காக வாடிக்கரைப் பேரீச்சைத் தோட்டத்துக்குள் இறங்கினேன். வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. கரையில் ஒருவர் மண்வெட்டியோடு நின்றார்.

சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"தமிழா சார்? நான் சோலைமுத்து. ராமநாதபுரம் பக்கம்."

அவர் காலடியில் ஒரு குச்சி நட்டிருந்தது. அதன் நிழலை வைத்துத்தான் இங்கே தோட்டங்களுக்குத் தண்ணீர் முறை பிரிப்பார்கள்.

"நெழலு இந்தக் கல்லத் தாண்டுனா நம்ம மொறை சார். தண்ணி வந்துரும்."

"எங்க வருது? புழுதிதான் பறக்குது."

"வரும் சார். போன தடவ மேலயே நின்னுட்டுப் போயிட்டீக. இப்பவாச்சும் எங்க பேர எழுதிக்கங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டிக்குள் இருந்தது நான்தான் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

எழுதினேன். சோலைமுத்து, அவர் கூட்டாளிகள் பாலமுரளி, சாகிர். மூன்று பேர்.

"போன் நம்பர்?"

"நம்ம போனு தண்ணியில போச்சு. ஊர்ல வீட்டு நம்பர எழுதிக்கங்க."

மூன்று நாற்பத்தைந்து. குச்சியைப் பார்த்தேன். நிழல் அதே கல்லில் நின்றது... ஒரு விரல்கூட நகரவில்லை.

அவர் சட்டையும் காயவில்லை.

மேட்டில் ஹாரன்... விடாமல்...

கடகட... கடகட... கல் உருளும் சத்தம்.

திரும்பினேன். கரையில் யாருமில்லை.

ஓடினேன்.

"தண்ணி வர்ற சத்தம் கேட்டுச்சு சார்..." ஜாபர் சாதிக் வண்டியைக் கிளப்பினார். "வானத்துல ஒரு மேகம்கூட இல்ல!"

மேலே ஊரில் கீழக்கரைக்காரர் செய்கு அலாவுதீன் மளிகைக் கடை வைத்திருந்தார். அவரிடம் கேட்டேன்.

"கீழ்த் தோட்டமா? ஏப்ரல் வெள்ளத்துல மூணு பேரும் போயிட்டாங்களே தம்பி. விசா இல்லாத ஆளுங்க. வேலைக்கு வெச்சிருந்த அரபி முதலாளி, அதான் கபீல், வாயே தொறக்கலை. பேர் தெரியாமலே அடக்கம் பண்ணிட்டாங்க."

அந்தப் பேர்கள் என் சட்டைப் பையில் இருந்தன.

ஐந்து இருபதுக்கு அந்த நம்பரை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். சோலைமுத்துவின் மனைவி.

"அவர் கடைசியா... எப்பம்மா பேசினார்?"

"வாராவாரம் வெள்ளிக்கெழம பேசிருவாகளே. போன வாரங்கூடப் பேசுனாக. தண்ணிச் சத்தந்தான், ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. நாளைக்கும் பேசுவாக. உங்க பேரு என்னன்னு சொல்ல?"

"வேண்டாம்மா" என்று வைத்துவிட்டேன்.

அவளிடம் சொல்ல வேண்டியவன் நான். இன்றுவரை சொல்லவில்லை. த்தூ!