அரவேணுக் கொழுந்தும் நானோ வெள்ளியும்

என் விரல்கள் கறுத்துக் கிடந்த காலத்தில் ஒரு தேர்தல் வந்தது. வாக்குச்சாவடியில் மை வைக்க உட்கார்ந்திருந்தவர் என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு வலது கையையும் நீட்டச் சொன்னார். இரண்டிலும் கறை.

"ஏனுங்க, எத்தன ஊர்ல போட்டுட்டு வர்றீங்க?" என்றார். வரிசையே சிரித்தது.

லேபில் வேலை செய்கிறேன், இது சில்வர் நைட்ரேட், உங்கள் மையில் இருப்பதும் இதே சரக்குதான் என்று விளக்கினேன். விளக்கியதால் சந்தேகம் கூடியது. உள்ளிருந்து இன்னொருவர் வந்து என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கறுத்த விரலின் மேலேயே இன்னொரு கோடு இழுக்கச் சொன்னார். ஆராய்ச்சியில் இறங்கியதற்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எந்த வேலையிலும் கால் தரிக்காது. பைக்காராவில் படகு ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டிவிட்டிருக்கிறேன். பர்லியாரில் மங்குஸ்தான் விற்றிருக்கிறேன். ஒரு தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கும் அறையில் இருந்தேன்; இருமல் வந்தது, பிறகு பேக்டரியே மூடியது. அந்த மழைக்காலம் முழுக்க குன்னூரில் ஒரு கடை ஷட்டருக்கு வெளியே படுத்தேன். குளிராக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு குன்னூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. அங்கே ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அண்ணா என்பார், பாத்திரம் உடையாத நாட்களில்.

அவர் செய்துகொண்டிருந்தது தேயிலைச் சாற்றில் வெள்ளி காய்ச்சுவது. கேட்டதும் நான் கொலுசை நினைத்தேன். அது இல்லை. ஒரு தலைமுடியின் பருமனைப் பல ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவுக்கு வரும் வெள்ளித் துணுக்கு. அதைத்தான் நானோ துகள் என்கிறார்கள்.

"அவ்வளவு சின்னதா பண்ணி என்ன பண்றதுங்க மேடம்? தொலஞ்சா தேடக்கூட முடியாது."

"நீங்க டீத்தூள் சலிச்ச ஆளுதானே அண்ணா? டஸ்ட்டு சீக்கிரம் சாயம் எறங்குமா, இலத்தூளு எறங்குமா?"

"டஸ்ட்டுதான். சுடுதண்ணியப் பாத்ததுமே எறங்கீரும்."

"ஏன்?"

ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. மூக்கில் ஏறும் என்று மட்டும் தெரியும். அவர் சொன்னார்: ஒரு பொருளைப் பொடிக்கப் பொடிக்க அதன் வெளிப்புறம் கூடிக்கொண்டே போகும், தண்ணீர் தொடுகிற இடம் அதிகமாகும், அதனால்தான் டஸ்ட் டீ சட்டென்று சிவக்கிறது. நானோ என்பது அந்த டஸ்ட்டுக்கும் டஸ்ட்டுக்கும் டஸ்ட்டு. அந்த அளவுக்குப் போனால் பொருளின் குணமே மாறும். தங்கம் தங்க நிறத்தில் இருக்காது, திராட்சைச் சாறு போல் சிவப்பாகும். வெள்ளி மஞ்சளாகும், பழுப்பாகும். கட்டியாக இருக்கும்போது சும்மா மின்னிக்கொண்டு கிடக்கும் வெள்ளி, துகளானதும் கிருமிகளைக் கொல்லும். அதனால் புண்ணுக்குக் கட்டும் துணியில், தண்ணீர் சுத்திகரிக்கும் வடிகட்டியில், நாற்றமடிக்காத சாக்ஸில் எல்லாம் அதைப் போடுகிறார்கள். வெயிலுக்குப் பூசும் கிரீமில் துத்தநாகத் துகள். ஊட்டி டாக்ஸிக்காரர்கள் வண்டிக்குப் போடும் பளபளப்புப் பூச்சுக்கும் அதே பெயர்தான், உள்ளே துகள் இருக்கிறதோ இல்லையோ.

செய்ய இரண்டு வழி. ஒன்று, பெரியதைப் போட்டு அரைத்து அரைத்துச் சின்னதாக்குவது. பேக்டரியில் நாங்கள் இலையைப் படுத்திய பாடுதான். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைந்திருப்பதை ஒன்றோடொன்று ஒட்டவைத்து வளர்ப்பது. மேடத்தின் வழி இரண்டாவது. சில்வர் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்தால் வெள்ளி இருக்கிற இடம் தெரியாது. அதில் தேயிலைச் சாற்றை ஊற்றினால், டீயில் துவர்க்கிற சங்கதி இருக்கிறதே, அது வெள்ளியைத் துகளாகத் திரட்டும். திரண்ட துகளைச் சுற்றிச் சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று கட்டியாகிவிடாமலும் பார்த்துக்கொள்ளும். நிறம் மெல்ல மாறி, கடைசியில் பால் ஊற்றாத கட்டன்சாயா போல் வந்து நிற்கும்.

சாக்ஸ் விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஊரில் மழை பிடித்தால் சாக்ஸ் காயாது. கழற்றினால் பக்கத்தில் ஆள் நிற்காது. மிச்சமிருந்த திரவத்தில் வலது கால் சாக்ஸை மட்டும் முக்கிக் காயவைத்துப் போட்டுப் பார்த்தேன். வாரக் கடைசியில் இரண்டும் நாறின. வலது கொஞ்சம் குறைவாக நாறியது போலிருந்தது. மேடத்திடம் சொன்னதற்குத் திட்டு விழுந்தது. "அது ஓடைத் தண்ணில போனா நல்ல கிருமியையும் சேத்துக் கொல்லும். மிச்சம் எல்லாம் அந்த வேஸ்ட் பாட்டிலுக்குள்ளதான் போகோணும், உங்க காலுக்குப் போகக்கூடாது."

துகள் வந்துவிட்டதா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். அது கோயம்புத்தூரில் இருந்தது. அதில் ஒரு காலைப்பொழுதுக்காக மேடம் பல மாதம் காத்திருந்தார். அவருக்கு வழிகாட்டியான பேராசிரியருக்கு டீயில் வெள்ளி காய்ச்சுவதில் ஆரம்பம் முதலே நம்பிக்கை இல்லை. "படத்துல துகள் இருந்தா தொடருங்க. இல்லைன்னா தலைப்பை மாத்திக்கலாம்" என்று என் முன்னாலேயே சொன்னார். தலைப்பை மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேடம் அதுவரை செய்த அத்தனையும் கழுவிக் கவிழ்க்க வேண்டியதுதான். கழுவுகிற ஆள் நான்.

பழைய பாட்டில்களில் துகள்கள் திரண்டு அடியில் படிந்துபோயிருந்தன. அதனால் கோயம்புத்தூர் போவதற்கு முந்தின நாள் புதிதாகக் காய்ச்சுவது என்று முடிவானது. கொழுந்து கொண்டுவருவது என் பொறுப்பு. நான் அரவேணுவில் ஒரு அக்கா வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அக்காவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை உண்டு. எப்போதும் நானே செடியில் கிள்ளிக்கொண்டு நேராக பஸ் ஏறிவிடுவேன். அந்த முறை மழை பிடித்துக்கொண்டதால் அக்காவே கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, நான் குளித்து வருவதற்குள் தயாராக வைத்திருந்தார். பெரிய மெஷினில் வைத்துப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் முந்தின ராத்திரியே அவரிடம் பெருமையடித்திருந்தேன்.

மேடம் கொழுந்தைக் கொதிக்கவைத்தார், வடிகட்டினார், ஆறவைத்தார். வெள்ளிக் கரைசலில் ஊற்றினார். மெல்லப் பழுப்பாக வேண்டியது, ஊற்றிய நொடியே அரிசி கழுவிய தண்ணீராய் வெளுத்தது. இன்னொரு முறை செய்தார். அதேதான்.

மேடம் பாட்டிலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அண்ணா, பிளாஸ்க்க எதுல கழுவுனீங்க?"

"எப்பவும் போலத்தானுங்க. கடைசியா காய்ச்சி வடிச்ச தண்ணியில."

"குழாய்த் தண்ணி பட்டா இப்படித்தான் வெளுக்கும். உண்மையச் சொல்லுங்க."

"மேடம், நான் எத்தனையோ வேலையில பொய் சொல்லியிருக்கேனுங்க. இதுல சொல்லல."

அவர் அலமாரியைத் திறந்தார். சின்னக் குழாய்களை வரிசையாக வைத்தார். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர். ஒன்றில் நான் கழுவிய பிளாஸ்க்கை அலசிய தண்ணீர். ஒன்றில் தேயிலைச் சாறு. ஒவ்வொன்றிலும் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டினார். முதலிரண்டும் தெளிவாகவே நின்றன. எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவது தயிராய்த் திரிந்தது.

"இலையில உப்பு இருக்கு" என்றார். "உப்பு பட்டா வெள்ளி அதோட சேந்து வெள்ளையா படிஞ்சிரும். துகளாகாது. தேயிலைச் செடில இவ்வளவு உப்பு எப்படிண்ணா வரும்?"

அக்காவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அக்கா, கொழுந்த என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்ணுவாங்க? காலிபிளவருக்குப் பண்றதுதான். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு வெதுவெதுப்பா தண்ணி வெச்சு, நல்லா முக்கி ஊறவெச்சு எடுத்தேன்."

மேடம் தலையில் கை வைத்தார்.

"ஏனுங்கக்கா அப்படிப் பண்ணுனீங்க?"

"ஏனா? பெரிய மெஷின்ல பெருசாக்கிப் பாப்பாங்கன்னு நீதானே தம்பி சொன்னே? ஒரு புழு கிழு தெரிஞ்சா, கோயம்புத்தூர்ல நம்ம தோட்டத்து மானம் என்னத்துக்காகும்? கடைசியா ஒருக்கா பச்சத்தண்ணியிலயும் அலசித்தான் குடுத்தேன், மஞ்ச நெறம் தெரியக்கூடாதுன்னு."

இந்த மலையில் காலிபிளவரை உப்புத் தண்ணீரில் போடாமல் சட்டியில் போடுகிற வீடு கிடையாது. மேடத்தின் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்களாம். அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. மேடம் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. விடிந்தால் கோயம்புத்தூர்.

மத்தியானம் தாண்டியிருந்தது. இருவரும் அரவேணு பஸ் ஏறினோம். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். விஷயம் புரிந்ததும் அவருக்கு வருத்தத்தைவிட ரோஷம்தான் அதிகம்.

"இனி நான் தொடமாட்டேனுங்க அம்மிணி. நீங்களே கிள்ளிக்குங்க. அப்புறம் அக்கா கை பட்டுத்தான் கெட்டுதுன்னு சொல்லுவீங்க."

மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்துச் செடி தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. மேடம் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுச் செடிக்குள் இறங்கினார். கிள்ளத் தெரியவில்லை, கிளையோடு ஒடித்தார். அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அய்யோ, என்ர செடிய மொட்ட அடிச்சுப்போடுவீங்களாட்ட இருக்குது! தள்ளுங்க கண்ணு. ரெண்டு எல, ஒரு மொட்டு. இப்படி."

தொடமாட்டேன் என்றவர் மடி நிறையக் கிள்ளிக் கொடுத்தார். கழுவாமல் கொடுக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. "அப்படியேவா கொண்டு போறீங்க? மண்ணோடவா?" என்று பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டே நின்றார். லேபில் போய்க் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவிக்கொள்கிறோம் என்று மேடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் பையை விட்டார். எங்களை மட்டும் சும்மா விடவில்லை. பால் ஊற்றாத டீயும் தொட்டுத் தின்ன மொறுமொறு வர்க்கியும் கொடுத்தார். மேடம் டீயைக் குடிக்காமல் வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்தார். "சாயம் பத்தலைங்களா?" என்றார் அக்கா.

லேபுக்குத் திரும்பி மறுபடி கொதிக்கவைத்தோம். இந்த முறை சாற்றை ஊற்றியபோது ஒன்றும் நடக்கவில்லை. வெளுக்காததே நல்ல சகுனம். மேடம் லேசாகச் சூடு காட்டினார். முதலில் எலுமிச்சை மஞ்சள், பிறகு தேன், பிறகு கட்டன்சாயா. மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று லேபில் அவர் உட்கார்ந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை குன்னூரிலிருந்து முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம். வெளிச்சம் படாமலிருக்க பாட்டிலை என் கறுப்புக் கம்பளித் தொப்பிக்குள் வைத்து மடியில் பிடித்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் மேடம் பாட்டிலைப் பார்த்தார். எதிர் சீட்டில் ஒரு சுற்றுலாக்காரர் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார். பர்லியாரில் ஒரு லாரி வளைவில் திரும்ப முடியாமல் நின்று வழியை அடைத்திருந்தது. நான் முன்பு மங்குஸ்தான் விற்ற கடையின் முதலாளி என்னை அடையாளம் கண்டு, "தொப்பிக்குள்ள என்ன, பூனைக்குட்டியா?" என்றார். வெள்ளி என்றேன். திருடிவிட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டு கண்ணடித்தார்.

கோயம்புத்தூரில் ஏசி அறை. நீலகிரியிலிருந்து போய் அங்கே குளிரில் நடுங்கினேன். மெஷின் ஆபரேட்டர் ஒரு சொட்டை எடுத்து, மூக்குத்தி அளவுள்ள செம்பு வலையில் வைத்துக் காயவைத்து உள்ளே அனுப்பினார். திரையில் முதலில் சாம்பல் நிறம்தான். மேடம் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தார். ஆபரேட்டர் எதையோ திருகினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்புப் புள்ளிகள் தெளிந்தன. உருண்டை உருண்டையாக, ஒன்றை ஒன்று ஒட்டாமல், கடுகு சிந்திய தரை மாதிரி.

"இருக்குங்க" என்றார் ஆபரேட்டர், பஸ்ஸில் சீட் இருக்கிறது என்பது போல.

மேடம் வெளியே போய்ப் பேராசிரியருக்குப் படத்தை அனுப்பினார். பதில் உடனே வந்தது: தொடருங்கள். அவர் அதை எனக்கு இரண்டு முறை காட்டினார். இருவரும் கேண்டீனில் போய்ப் புரோட்டா சாப்பிட்டோம். யாருக்கும் டீ வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது குன்னூர் பஸ்ஸை விட்டுவிட்டு மேடமும் என்னோடு அரவேணு பஸ் ஏறினார். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மூலை மூலையாக நகர்த்தி, ஒவ்வொரு உருண்டையாகப் பார்த்துக்கொண்டு போனார். மேடம் எதையோ விளக்க வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

கடைசி மூலைக்கும் வந்த பிறகு நிமிர்ந்தார்.

"புழு எதுவும் இல்லீங்களே?"

"இல்லீங்கக்கா" என்றார் மேடம்.

"உப்புத்தண்ணில போடாம கொண்டுபோயும் இல்ல பாத்தீங்களா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "நம்ம தோட்டம் அப்படிங்க அம்மிணி."