ஒன்பது பேரின் மனு

அப்பாவின் கடிதத்தைக் கினுயோ மூன்று முறை படித்தாள். மாப்பிள்ளை இருபதாம் தேதி படைக்குக் கிளம்புகிறான்; அதற்கு முன் கல்யாணம். பதினெட்டுக்குள் விடுவிப்புக் கடிதத்தோடு வீடு வந்து சேர். கல்யாணமான பெண்களை எந்தத் தொழிற்சாலையும் பிடித்து வைப்பதில்லை.

மாப்பிள்ளையை அவள் ஒரே ஒரு முறை, அதுவும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். முகம்கூடச் சரியாக நினைவில்லை. அதனால் என்ன? இங்கே பத்து மாதமாகக் கொன்யாக்கு கிழங்குப் பசையைத் தடவித் தாளின்மேல் தாள் ஒட்டி, குளிரில் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. ஒட்டுகிற தாள் எதற்கு என்று கேட்கக் கூடாது. வெளிக்கதவு உள்ளிருந்து திறக்காது.

கடிதத்தைப் படித்த மேற்பார்வையாளர் நிஷிவாகி, "நல்ல சம்பந்தம்தான்" என்றார். பிறகு அலமாரியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். எழுத்துகள் பழுப்பேறியிருந்தன. போரில் வெற்றி வரும்வரை இந்த வேலையை விட்டு நகரமாட்டோம். கீழே ஒன்பது பெயர்கள்.

"இத எழுதச் சொல்லி நான் கேட்டேனாம்மா?"

"இல்லீங்கய்யா."

யாரும் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து கூட வந்த பக்கத்து வகுப்புப் பெண்கள் ரத்தத்தில் மனு எழுதிவிட்டார்கள் என்று தெரிந்ததும், நாம் மட்டும் மையில் எழுதுவதா என்று கேட்டவள் கினுயோதான். ஊசி கொண்டுவந்தவளும் அவளே.

"மேலிடத்துக்குக் காட்டியாச்சு. இதுல ஒரு பேரை மட்டும் அடிச்சா என் கழுத்துக்குத்தான் கத்தி. மத்த எட்டு பேரும் புதுசா ஒண்ணு எழுதித் தரட்டும். அதே மாதிரி ரத்தத்துல. நாளைக்கே முத்திரை குத்தித் தர்றேன்."

சாப்பாட்டு இடைவேளையில் கினுயோ மற்ற எட்டு பேரிடமும் சங்கதியைச் சொன்னாள். கியோனோ தன் விரல்களை விரித்துக் காட்டினாள்.

"எனக்கு ஊசியே வேணாம்டி. கைய மடக்கினாலே ஒரு மனு எழுதலாம்."

"மாப்பிள்ளை வீட்டுல அரிசி இருக்குதா? ரெண்டு படி அனுப்பு. உன் பேரையே மறந்துடறோம்," என்றாள் இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக எழுதினார்கள். ஏழு பெயர்கள் விழுந்தன. மசுயே மட்டும் பசை வாளியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மசுயே, நீ?"

"நான் எழுதல."

"ஒரு பேருதானேடி?"

"அன்னிக்கும் இதையேதான் சொன்னே." மசுயே நிமிரவில்லை. "பயமா இருக்குன்னு கைய முதுகுக்குப் பின்னாடி வச்சிக்கிட்டேன். இழுத்துப் பிடிச்சுக் குத்தினது யாரு?"

கினுயோ நீட்டிய தாளை இறக்கினாள். மசுயே கிளறுவதை நிறுத்தவில்லை.

"எங்கம்மா படுத்துக் கிடக்கா. மே மாசம் ஊருக்குப் போகணும்னு மேற்பார்வையாளர்கிட்ட போய் நின்னேன். இதே தாளை எடுத்துக் காட்டினாரு, வாய மூடிக்கிட்டு வந்துட்டேன். இப்ப உனக்குக் கதவு திறக்கணும்னா நான் ரெண்டாவது தடவ குத்திக்கணுமா?"

"எனக்குத் தெரியாதுடி."

"நீ கேக்கல."

அன்று மாலை கினுயோ ஏழு பெயர்களோடு போய் நின்றாள். நிஷிவாகி விரல் வைத்து எண்ணினார். எட்டு வேண்டும் என்றார். பதினேழாம் தேதி காலையிலும் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் அப்பாவின் அடுத்த கடிதம் வந்தது. கினுயோ நின்றபடியே படித்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டாள் மசுயே.

"மாப்பிள்ளை வீட்டுல காத்திருக்க முடியாதுன்னுட்டாங்களாம். ஊர்ல அரிசி ஆலைக்காரர் பொண்ணை அவருக்குக் கட்டி வச்சிட்டாங்க."

மசுயே பலகையில் அடுத்த தாளை விரித்து ஓரங்களை நீவினாள்.

"உக்காரு," என்றாள் பிறகு. "பசை இறுகுது."